ஐந்து ஊர்களுக்கு ஒரு பூட்டு

நகர மண்டபத்தில் சூடேற்றி பழுது.
அதனால் கூட்டம் ஆரம்பப் பள்ளி நூலகத்தில்.
சிறுவர் நாற்காலிகளில் ஐந்து மேயர்கள்,
முழங்கால் ஏறக்குறைய தாடையைத் தொட.
நான் குறிப்பெழுதுபவள்.
வாய் திறக்காமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஆகஸ்டிலேயே கடிதம் வந்துவிட்டது:
ஜனவரி முதல் உங்கள் ஆட்களுக்கு
மாவட்டச் சிறையில் இடமில்லை.
கொலம்பியா ஆற்றின் இந்தக் கரையில்
ஐந்து ஊர், ஐந்து போலீஸ்,
பூட்டி வைக்க ஓர் அறை கிடையாது.

ஊர் கூடினால் தேர் நகரும்.
இங்கே கூடியாயிற்று;
தேரை யார் வாசலில் நிறுத்துவது
என்பதில்தான் வழக்கு.

டென்ஹோமில் நிலம் உண்டு, பக்கத்தில் பள்ளியும் உண்டு.
மில்பர்ன் ஆற்றங்கரையில் அடுக்குமாடி வரப்போகிறதாம்.
லாட்டிமர் மேயர் ஆர்வில் ஸ்கார் எழுந்தார்
(நாற்காலியும் அவரோடு சேர்ந்து எழுந்தது):
"வருஷத்துக்கு ஒன்பது பேரைப் பிடிக்கிறோம்.
அதிலும் ஏழு பேர் மில்பர்ன்காரர்கள்."
சிரித்தார்கள்.
சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

பிறகு கட்டடக்கலைஞர் டாக்மார் ஃபெல்ப்ஸ்
வரைபடத்தை விரித்து மூலைகளில்
நான்கு படக்கதைப் புத்தகங்களைப் பாரம் வைத்தாள்.
இருநூற்று நாற்பது படுக்கை, என்றாள்.
ஆண் படுக்கை, பெண் படுக்கை,
போதை தெளியும்வரை தரையோடு ஒரு படுக்கை.
படுக்கைக்கு இத்தனை லிட்டர் தண்ணீர்.
நாற்பது படுக்கைக்கு ஒரு காவலர்.
வளர்ச்சிக்கு இடம் விட்டிருக்கிறேன்,
வடக்குச் சுவரைக் கழற்றி நீட்டிக்கொள்ளலாம்.
மெத்தைக் கடைக்குள் தவறி வந்துவிட்டேனோ என்று
ஒருமுறை தலை நிமிர்ந்து பார்த்தேன்.

கணக்கர் சொன்னார்:
கடன் அடைபட, எண்பத்தைந்து சதவீதம்
எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும்.
காலிப் படுக்கைக்கும் ஊர்கள் காசு கட்டியாக வேண்டும்.
எல்லோரும் எழுதிக்கொண்டார்கள்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
யாரோ தண்ணீர்ப் புட்டியைத் திறந்த சத்தம்.

பொதுமக்கள் பேச மூன்று நிமிடம்.
ஒருத்திதான் வந்திருந்தாள்.
யோலாண்டா ப்ரூவெட், ரொட்டி ஆலையில் இரவு வேலை,
தலையில் இன்னும் வலைத்தொப்பி.

"என் மகனை மாவட்டச் சிறையில்
விடிகாலை இரண்டு மணிக்கு வெளியே விட்டார்கள்.
டிசம்பர்.
செருப்பு பைக்குள் நனைந்து கிடந்தது,
காலுறையோடு நடந்திருக்கிறான், பதினொரு மைல்.
முதல் பேருந்து ஆறேகாலுக்கு.
உள்ளே போகும் கதவு தெரிகிறது, இதோ பெரிதாக.
வெளியே வரும் கதவு எங்கே?"

டாக்மார் குனிந்தாள்.
வண்டி நுழையும் கதவு. சரக்குக் கதவு. ஊழியர் கதவு.
வக்கீல்களுக்கு ஒன்று.
விரல் சுவரோரமாகவே ஊர்ந்து போய்
பின்பக்கம் குப்பைத்தொட்டிக் கூண்டருகே நின்றது.
"இதுவாக இருக்கும்."

அங்கிருந்து பேருந்து?
பேருந்து எங்கள் வேலையில்லை, என்றது டென்ஹோம்.
எங்களுடையதும் இல்லை, என்றது மில்பர்ன்.
அன்றைக்கு ஐந்து ஊரும் ஒத்துப்போனது
இதில் மட்டும்தான்.
முட்டை வடிவ மணி அடித்தது. மூன்று நிமிடம்.

நான்குக்கு ஒன்று என்று வாக்கு முடிந்தது.
ஐந்து எல்லைகளும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
மூடிக்கிடக்கும் பீன்ஸ் ஆலையைத் தேர்ந்தார்கள்.
எந்த ஊரின் தெருவிளக்கும் அதுவரை போவதில்லை.

"பொதுமக்களில் ஒருவர் போக்குவரத்து பற்றிப் பேசினார்."
வழக்கமாக இப்படித்தான் எழுதுவேன்.
எழுதினேன்.
வீட்டுக்குப் போய், கோட்டைக்கூடக் கழற்றாமல்,
அந்த வரியை அழித்தேன்.
"வெளியே வரும் கதவு எங்கே என்று
யோலாண்டா ப்ரூவெட் கேட்டார்.
பதில் அளிக்கப்படவில்லை."

அடுத்த மாதம் குறிப்பு மேசைக்கு வந்தது.
ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார்,
படிக்காமலே ஒருமனதாக ஏற்றார்கள்.
முத்திரையை நான்தான் குத்தினேன்.
மை கொஞ்சம் அதிகம்.
பின்பக்கம்வரை ஊறியிருந்தது.