பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர்

யோகமலரை ஒருமுறை நான் தோற்கடித்திருக்கிறேன்.
நம்பாவிட்டால் போங்கள்.
நுவரெலியாவில் ஏதோ ஓர் அலுமாரியில்
ஈரம் குடித்த கொப்பி ஒன்றில் கிடக்கும்:
ஆறு–நான்கு, நான்கு–ஆறு, ஏழு–ஐந்து.
ஏழு என் பக்கம்.

அவள் அப்பா
துரைமார் கிளப்பில் கோர்ட்டுக்குச் சுண்ணாம்பு போடுகிறவர்.
கயிறு கட்டி, மூச்சை அடக்கி
ஒரே இழுப்பில் இழுப்பார் கோட்டை.
கிழமைக்கு இரண்டு துரைமார்தான் ஆடினார்கள்.
உள்ளே அடித்ததைவிட வெளியே அடித்தது கூடுதல்.
சரிவில் உருண்ட பந்துக்காக
தேயிலைக்குள் இறங்குவாள் இவள்.
காலில் நாலைந்து அட்டையோடு ஏறி வருவாள்.
கண்டெடுத்தது பத்து என்றால்
கொடுத்தது எட்டு.

மிச்சம் இரண்டும் பழைய ஃபெக்டரிச் சுவருக்கு.
லயத்துச் சுவரில் அடித்தால்
அந்தப் பக்கம் தூங்கும் பிள்ளை எழும்பிவிடும்.
முதல் மட்டை தேயிலைப் பெட்டிப் பலகை.
அடுத்தது துரைசாணி எறிந்தது,
அறுந்த நரம்புக்குத் தூண்டில் நூல் கோத்தது.
மூன்றாவது என்னுடையது,
நான் புதிது வாங்கியபோது கழித்தது.
இனாமில்லை.
அவள் அப்பாவின் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

நான் கணக்கப்பிள்ளை மகள்.
வெள்ளைச் சப்பாத்து இருந்தது.
சனிக்கிழமைகளில் ஹட்டனிலிருந்து ஒரு கோச் வந்தார்.
அவர் என் முழங்கையைத் திருத்தும்போது
கம்பி வலைக்கு வெளியே நின்று
தன் முழங்கையை இவள் திருத்திக்கொண்டாள்.

ஒருநாள் அவள் அம்மாவின் கூடையில்
கொழுந்தோடு கொழுந்தாய் ஒரு பந்து வந்துவிட்டது.
தராசடியில் ஒரே சிரிப்பு.
என் அப்பாவும் சிரித்தார்.
சிரித்தபடியே இரண்டு கிலோ கழித்து எழுதினார்.
பந்தின் நிறை ஐம்பத்தெட்டு கிராம்.
அதைப் பிற்பாடுதான் படித்தேன்.

ஏப்ரல், நுவரெலியா.
குதிரை பார்க்க வந்த கொழும்புச் சனம்
எங்களைப் பார்க்கவில்லை.
முதல் சுற்றுக்கு நடுவர் கிடையாது,
அவரவர் கோட்டுக்கு அவரவரே சாட்சி.
ஆறு–ஐந்து, இன்னும் ஒரே புள்ளி எனக்கு.
மலையிலிருந்து மூட்டம் இறங்கியது.
வலைக்கு அப்பால் அவள் வெறும் சத்தமானாள்:
அண்ணனின் பெரிய பாட்டா சப்பாத்து
மண்ணில் உரசுகிற சத்தம்.
பிறகு,
கவ்வாத்துக் கத்தி செடியின் தலையைச் சீவுமே
அப்படி ஒரு வெட்டு.

தாழ்ந்து வந்தது பந்து.
மூலையில் கோட்டை நக்கிவிட்டுப் போனது.
சுண்ணாம்பின் மேல்
முட்டை வடிவில் தடம்.

"அவுட்" என்றது என் வாய்.
தடத்தைத் தேய்த்தது என் சப்பாத்து.
யாரும் சொல்லித்தரவில்லை.
எங்கள் வீட்டில் சொல்லித்தரத் தேவையுமில்லை.

மூட்டத்துக்குள்ளிருந்து நடந்து வந்தாள்.
குனிந்து பார்க்கவில்லை.
வலைக்கு மேலாகக் கை நீட்டினாள்.
காய்த்துப்போன கை, சுட்டது.
"அடுத்த தடவ
ஒரு வெரக்கட உள்ளுக்கு அடிக்கிறேன்" என்றாள்.
கோபமாய்க்கூட இல்லை,
கடைக்குப் போகிற பிள்ளை
சாமான் பேரை மனப்பாடம் பண்ணுகிற மாதிரி.

பதினாலு வயதில்
ஒரு கேம்கூட எனக்குத் தரவில்லை.
பதினாறில் அவள் பெயர்
விமான டிக்கெட்டில் பிழையாய் அச்சாகி
அப்படியே பறந்தது.
நான் ஹட்டனில் வங்கிக்குப் போனேன்.
மற்றவர் காசை எண்ணுவேன்,
சதம் பிசகாது.

இன்றைக்கு டிவியில் இறுதி ஆட்டம்.
எங்கேயோ வெயில் கொளுத்துகிற ஊர்.
எதிராளி கை தூக்கிக் கேட்கிறாள்.
இயந்திரம் மெதுவாய்ப் பந்தை இறக்கிக் காட்டுகிறது.
முட்டை வடிவில் தடம்.
கோட்டுக்கு
ஒரு விரற்கடை உள்ளே.

வர்ணனை சொல்கிறவன் அதிசயப்படுகிறான்,
ஏன் எப்போதும் இவ்வளவு இடம் விட்டு அடிக்கிறாள் என்று.

"என்ன, காலப் போட்டுத் தேய்க்கிற?" என்கிறார் கணவர்.
"அட்ட கடிச்சிருச்சா?"