பதினேழு

குழாயின் மேல் ஒட்டியிருந்தது இவ்வளவுதான்:
கலிவரதன், 41, ஆண்.
தீப்புண் வார்டு, இடது கை, ஏழாம் நாள்.
புது நர்ஸின் கையெழுத்து,
கடைசி எழுத்து மட்டும் வாலை நீட்டிக்கொண்டு
பார்கோடு மேல் ஏறியிருந்தது.

கடலூர் சிப்காட்டில் பாய்லர் வால்வு பிய்ந்ததாம்.
டீ கொண்டுவந்த அட்டெண்டர் சொன்னார்.
முதலில் சத்தம், வலி அப்புறம்தானாம்.
நான் அவரைப் பார்த்ததில்லை.
கோரிமேட்டில் என் வேலை
விளக்கணைத்த அறையில், லேசருக்கு முன்னால்,
ரத்தத்தை ஒவ்வொரு அணுவாக வரிசையில் விட்டு
எண்ணுவது.

வழக்கமானவர்கள் வந்தார்கள்.
வெள்ளையணுக்கள் திரையின் அடிப்பக்கம்
தேரடிக் கூட்டமாய் அப்பிக்கொண்டன.
அந்த நெரிசலுக்கு மேலே, வலது மூலையில்,
எப்போதும் வெறிச்சென்று கிடக்கும் கட்டத்தில்
ஒரு புள்ளி.
நான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.
இன்னொன்று.
பதினேழு வரை வந்தது.
காயமில்லாத உடம்பில் நாலைத் தாண்டி நான் எண்ணியதில்லை.

குருத்தணுக்கள்.
எலும்புக்குள் இருட்டில் கிடப்பவை,
என்னவாக ஆவது என்று இன்னும் முடிவெடுக்காதவை.
கையில் வெந்த தோல்
சாகிற நேரத்தில் எதையோ கசியவிட்டிருக்கிறது.
அது ரத்தத்தில் கரைந்து
இடுப்பெலும்பு வரை போய்த் தட்டியிருக்கிறது.
இவை எழுந்து வந்திருக்கின்றன
விலாசம் கேட்காமல், ஓட்டத்தோடு ஓடி,
வெந்த வாடை வருகிற இடத்தில் இறங்கிக்கொள்ள.

டாக்டர் அமலோற்பவம் சிரித்தார்:
"பதினேழு பேரு வந்து தோல் தைச்சிடுவாங்களாக்கும்!
ஓரத்துல மிச்சமிருக்கிற தோல்தாம்மா
ஊர்ந்து ஊர்ந்து மூடுது.
தொடையிலேர்ந்து எடுத்து ஒட்டியும் வெச்சிருக்கோம்.
இதுங்க பெரும்பாலும் தோலாவே ஆகறதில்லை.
வரும், பக்கத்துல இருக்கறதுகிட்ட என்னமோ சொல்லும்.
வீக்கம் தணியும். ரத்தக்குழாய் கிளைவிடும்.
அப்புறம் போய்த் தேடினா ஆளே இருக்காது."

அறிக்கையில் பதினேழு என்றே எழுதினேன்.
எழவு வீடுகளில் சிலர் உண்டு.
யாருக்கு என்ன முறை என்று தெரியாது.
பந்தலுக்கு ஆள் சொல்லி
அழுகிறவளுக்கு ஒரு வாய் காப்பி கொடுத்து
ஐஸ் பெட்டிக்கு ஒயர் இழுத்து.
பதினாறாம் நாள் பந்தியில்
அவர்களுக்கு இலை போட்ட ஞாபகம் எனக்கில்லை.

பிறகு சித்திரை.
கடலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன்.
தவளக்குப்பத்தில் ஏறிய ஒருவர்
என் முகத்துக்கு நேரே கம்பியைப் பிடித்தார்.
இடது கை.
முழங்கைக்குக் கீழே மயிரில்லை,
ஆறிய பாலில் ஆடை சுருங்கினாற்போல்
ரோஸும் பழுப்புமாய்.
பஸ் முழுக்க வியர்த்துக்கொண்டிருந்தது.
அந்த இடம் மட்டும் வியர்க்கவில்லை.

இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு இருக்கும்
இப்படி ஒரு கை.
கேட்கவில்லை.
கேட்டு, ஆமாம் என்றால், அப்புறம்?
உங்கள் ஆட்கள் பதினேழு பேரை
எனக்குத் தெரியும் என்பதா?

சில்லறை என் வழியாகக் கண்டக்டருக்குப் போனது,
டிக்கெட் என் வழியாக அவருக்கு.
பெண்ணையாற்றுப் பாலத்தில் காற்று அடித்ததும்
அந்த இடத்தைச் சொறிந்துகொண்டார்,
நகம் படாமல், விரல் நுனியால்,
கடன் வாங்கிய சட்டையை நீவிவிடுவதுபோல்.

அரிக்கிறதென்றால்
உள்ளே இன்னும் வேலை நடக்கிறது.

ஆல்பேட்டையில் இறங்கிப் போனார்.
அவர் பிடித்திருந்த கம்பி
கொஞ்ச தூரம் வரை சூடாக இருந்தது.