கம்பியின் நீளம்

பல்லடம் ரோட்டு பனியன் கம்பெனியில்
அப்போது ஐந்து நேரங்கள் ஓடின.
கேட்டில் ரேகை மெஷின் ஆறு நிமிஷம் முந்தி.
கட்டிங் மேசைக் கடிகாரம் பேட்டரியின் இஷ்டம்.
கேமராப் பெட்டி இன்னும் போன மார்கழியில்.
சாயத்தொட்டி கண்ட்ரோலர்
கரண்ட் போய் வந்தால் பன்னிரண்டு என்று கண்ணடிக்கும்.
பொழுதோட ஊதும் சங்கு
நாலு நிமிஷம் பிந்தி.

எட்டரைக்குள் விரல் வைக்காவிட்டால்
அரைமணிக் கூலி வெட்டு.
காங்கயத்து வேனில் வரும் பாவாத்தாள்
எட்டு இருபத்தஞ்சுக்கு வைத்த விரல்
எட்டு முப்பத்தொன்று ஆகிவிடும்.
"கெளம்பறப்ப செரியாத்தானுங்க இருந்துச்சு,
வழியில எங்கியோ கொட்டிப்போச்சு."
சிரித்துக்கொண்டே சொல்வாள்.
அதனால் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.
நானும்தான்.

நேர சர்வருக்குக் கோட்டேஷன் வந்தது:
ஒண்ணே முக்கால் லட்சம்.
மேனேஜர் ரத்தினசபாபதி காகிதத்தை நாலாய் மடித்து
டீ கிளாசுக்கு அடியில் வைத்தார்.

காந்திபுரத்துக்கு பஸ் ஏறினேன்.
சீட்டுக்கட்டு அளவில் கம்ப்யூட்டர், பழசு.
தீப்பெட்டி அளவில் ரிசீவர்.
காந்தம் வைத்த ஆன்டெனா, பதினைந்து மீட்டர் கேபிள்.
பெட்டிக்கு மகளின் டிபன் பாக்ஸ்;
மூடியில் அழியாமல் இருந்தது, ஆறாம் வகுப்பு 'பி'.
பஸ் காசோடு மூவாயிரத்து நூற்றிப் பத்து.

தகரக் கூரையில் ஒட்டவைத்தேன்.
வெகுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு கல்யாண வீட்டு ஒறம்பரை மாதிரி
ஒன்று, இரண்டு, கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று.
நாலாவது வந்ததும்தான் அது நம்பியது
தான் எங்கே நிற்கிறோம், இப்போது எப்போது என்று.
சிவப்பு விளக்கு துடித்தது. செகண்டுக்கு ஒன்று.
உள்ளங்கால் சுட, நூற்றிருபது எண்ணினேன்.

அன்று ராத்திரியே ஐந்தும் ஒன்றானது.
மறுநாள் கேட்டில் தாமதம் ஒருவருமில்லை.

மாசக் கடைசியில் மேனேஜர் கூப்பிட்டார்.
"டைம் நல்லாத்தான் இருக்குது.
மூணு நிமிஷம் முந்தி வெச்சா
சனம் வெள்ளென வரும். முடியுமா?"

முடியும். ஒரே ஒரு வரி.
கேபிளுக்குள் சிக்னல் தாமதிப்பதை எழுதும் இடம்;
என் பதினைந்து மீட்டருக்கு
எழுபத்தைந்து நானோ செகண்டு போட்டிருந்தேன்.

"அதுக்கு மூணு நிமிஷ நீளத்துக்குக் கேபிள் வேணுமுங்க."
"எவ்வளவு?"
"நெலாவுக்குப் போய்த் திரும்பி வரோணும்.
நாப்பத்தேழு தடவ."
மீட்டர் விலையை மனசுக்குள் பெருக்கினார் போல.
"செரி, இப்பிடியே இருக்கட்டும்."

பொய்யில்லை. முழு நிஜமும் இல்லை.

பாவாத்தாளுக்கு வெட்டின கூலி திரும்பவில்லை.
இரண்டு வருஷத்து ஆறு நிமிஷங்களை
எந்தப் பதிவேட்டில் தேடுவது?
வேன் முன்னைப்போலவே வருகிறது.
வழியில் கொட்டிப்போச்சு என்று மட்டும்
அவள் இப்போது சொல்வதில்லை.

இன்று மத்தியானம் திடீரென்று
பதினொன்று ஏழாகி, இரண்டானது.
ஓடிப் போய்க் கூரையில் எட்டிப் பார்த்தால்
ஆன்டெனா மேல் மயில்,
தோகையைத் தகரத்தில் வழியவிட்டு.

விரட்டவில்லை.
கீழே டிபன் பாக்ஸ் அதுபாட்டுக்கு
ஞாபகத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.