நிலுவை

அப்பாவின் கொப்பியில்
மண்ணெண்ணெய் வாடை இன்னும் போகவில்லை.
மரண சகாய சங்கம், கல்லுப்பாலத் தோட்டம், மேற்பிரிவு,
மஸ்கெலியா.
முப்பத்தெட்டு வருசம் பொருளாளர்.
தேர்தல் என்று ஒன்று நடந்ததாக
யாருக்கும் ஞாபகம் இல்லை.

பிஸ்கட் டின் மூடியை வைத்துக் கோடு போட்டிருக்கிறார்.
இடப்பக்கம் பெயர், வலப்பக்கம் சந்தா.
ஐந்து ரூபாய். பிறகு இருபது. ஐம்பது. இருநூறு.
காசு இளைத்த கதையை
சாவுக் கணக்கில்தான் நாங்கள் எழுதி வைத்திருக்கிறோம்.

சிவப்பு மையில் சில பெயர்கள்:
சங்கிலி, கை முறிவு, இரண்டு மாதம்.
அடைக்கலம்மா, கொழும்பு மகன் அனுப்பவில்லை.
ஒவ்வொரு சிவப்புக்கும் பக்கத்தில்
நீலத்தில் பொடி எழுத்தாக, 'கிடைத்தது'.
யார் கொடுத்தது என்று எழுதவில்லை.
அந்த மாதங்களில் எங்கள் ரொட்டியில் தேங்காய் இருக்காது.
அம்மா மாவை ஓங்கி ஓங்கி அடிப்பாள்.
அவள் போட்ட ரசீது அது.

நாலு லயத்துக்கும் பிரஜாவுரிமைப் பாரம்
அப்பாதான் நிரப்பினார்.
இந்தியாவா இலங்கையா என்ற கேள்விக்கு நேரே
அவரவர் சொன்னதை எழுதினார்,
ஒரு சொல் கூட்டவில்லை.
பெரியப்பா 'இந்தியா' என்றபோது
பேனா கொஞ்சம் நின்றதாம்.
பிறகு கையெழுத்துக்கு இடம் காட்டினாராம்.
ஹட்டன் ஸ்டேசனில் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு
மறுநாள் விடியப் பிரட்டுக்கு நின்றார்.
அண்ணனைப் பற்றி அதற்குப் பிறகு
மழை நாட்களில் மட்டும் பேசுவார்.

நல்ல மனிதர் என்று சொல்லி முடித்துவிடலாம்.
ஆனால் எனக்குத் தண்ணீர் வார்த்த அன்று
பணிய லயத்தில் ஒருவர் போய்விட்டார்.
சங்கத்துக்கு இருப்பது ஒரே படங்கு.
எங்கள் வாசலில் கட்டியிருந்ததை அவிழ்த்து,
தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.
மஞ்சள் சேலையோடு நான் தூறலில் உட்கார்ந்திருந்தேன்.
மூன்று நாள் அவரோடு பேசவில்லை.
நாலாம் நாள், என் பிறப்புப் பத்திரத்தில்
எவனோ பிழையாக எழுதிய பெயரைத் திருத்த
நுவரெலியா கச்சேரிக்குப் போனார்.
ஏழு தடவை போய்த் திருத்தினார்.
படங்கைப் பற்றி மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை.

ஐப்பசியில், எண்பத்து மூன்றாம் வயதில்,
சோற்றுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தவர்
எழும்பவில்லை.
செயலாளர் நிரோஷினி கொப்பியைத் திறந்தாள்.
முதலாம் இலக்கம், வீரபத்திரன்.
நாலு மாதம் வெறுமை.
பின்னட்டையில் அவரே எழுதிய ஏழாம் விதி:
'மூன்று மாதம் தவறினால் சகாயம் இல்லை.
யாராக இருந்தாலும்.'

தலைவர் தொண்டையைச் செருமினார்.
இந்த ஒரு தடவை விடலாம் என்றார்.
பிள்ளைக்குக் கண் கலங்கியது, தலை மட்டும் அசையவில்லை.
"அய்யா இருந்தா ஒத்துக்க மாட்டாரு."
எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.
சிரிப்புத்தான் வந்தது, சாவு வீட்டில்,
சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு.

சங்கக் காசு இல்லாமலே அவர் போனார்.
பெட்டிக்காரர் விலை சொல்லவில்லை.
சங்கிலியின் மகன் குழி வெட்டிவிட்டு
தேத்தண்ணி கூடக் குடிக்காமல் போனான்.
மாதக் கடைசியில் கொப்பியைப் பார்த்தேன்.
முதலாம் இலக்கத்துக்கு நேரே சிவப்பில், நாலு மாதம்.
பக்கத்தில் நீலத்தில், கோணல் எழுத்தில்,
'கிடைத்தது'.
நிரோஷினியின் எழுத்து இல்லை அது.

பதினாறு முடிந்த மறுநாள்
மேல் லயத்துச் சரசு வந்து நின்றாள்.
மகளுக்குத் தண்ணீர் வார்க்க வேண்டும்,
வானம் கறுத்திருக்கிறது,
சாவு வீட்டுப் படங்கைக் கேட்கக் கூச்சம்.
அவிழ்த்துப் பீலியில் போட்டு
கால் மரக்க மரக்கக் கழுவினேன்.
"ஒரு மூலை ஒழுகும், சட்டி வச்சிருங்க" என்றேன்.
காம்பராவுக்குள்ளிருந்து அம்மா சத்தம் போட்டாள்:
"கயித்த எண்ணிக் குடு. ஆறு."