பூட்டு விழாத கதவு

பதினேழாவது வளைவில் வேன் நின்றுவிட்டது.
ஏற்காட்டு முகாமுக்கு ஊசி, பஞ்சு, ஐஸ் பெட்டி.
டயர் மாற்ற ஜாக்கி இல்லை.
மதியழகன் தடுப்புச் சுவரில் ஏறி
கீழே பதினைந்தில் நின்ற மிளகு டெம்போவைக் கூப்பிட்டார்.
"இருக்குண்ணே!"
சாலையில் அளந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல்.
குரலுக்கு அது நாற்பது அடி.

எலும்பு மஜ்ஜைக்குள் இழை இப்படித்தான் மடிகிறது.
ஆணையிடும் துண்டு எங்கோ தொலைவில்;
அது நடந்து வருவதில்லை,
சாலைதான் வளைந்து கொடுக்கிறது.
கருப்பையில் இருக்கும்வரை காமாவை ஒட்டி,
பிறந்து சில மாதத்தில் பீட்டாவை ஒட்டி.
காமாவின் கதவில் அப்புறம் ஒரு புரதம்
பூட்டாகத் தொங்கும்.
பூட்டும், அவ்வளவுதான். உள்ளே
ஒரு எழுத்தும் அழிவதில்லை.

இதெல்லாம் நடக்கும்போதே
செல் தன்னைக் காலி செய்துகொண்டிருக்கிறது.
வேண்டாத ஜீன்களை ஒவ்வொன்றாய் அணைத்து,
உட்கருவை முஷ்டிபோல் இறுக்கி,
ஒருநாள் வெளியே தள்ளிவிடுகிறது.
இனி மனம் மாற வழியில்லை.
ஏற்கெனவே எடுத்த நகல்களை
இரண்டொரு நாள் படித்து முடித்தால்
படிக்கிற கண்ணும் போய்விடும்.
மீதி நூற்றிருபது நாளும்
படித்தவரைக்கும்தான்.
(எனக்கு இன்னும் உட்கரு இருப்பதாக
ஒரு நினைப்பு. பணிமாறுதல் கேட்டு
நாலு வருஷமாக எழுதுகிறேன்.)

சேலம், ஆய்வகம், இரண்டாம் நாள்.
தீர்த்தகிரி, வயது எட்டு, நாகலூருக்கு மேலே.
தாய்வழி ஒரு பிழை, தகப்பன்வழி அதே பிழை.
பீட்டா இருக்க வேண்டிய இடத்தில்
வரைபடம் தார் ரோடு மாதிரி தட்டை.
ஸ்லைடில் வெளிறிய வட்டங்கள்,
உட்கருவை உதறத் தெரியாமல்
ரத்தத்துக்கு ஓடிவந்துவிட்ட சில குட்டிகள்.
நாலு இருந்தால் அதிகம் என்று நினைத்தேன்.
ஹீமோகுளோபின் எட்டு புள்ளி ஒன்பது.
மறுபடி ஓட்டினேன். எட்டு புள்ளி ஒன்பது.

"எத்தனை தடவை ரத்தம் ஏத்தியிருக்கு?"
"ஏத்தலீங்களே" என்றார் பூங்காவனம்,
ஏதோ கட்டத் தவறிய பாக்கியைக் கேட்டதுபோல்.
"மூச்சு வாங்கும். ஆனா மரம் ஏறுவான்."

அந்த உச்சிக்கோடு முழுக்கக் காமா.
கருப்பையிலிருந்து கூடவே வந்தது,
எட்டு வருஷமாகப் பிள்ளையைச் சுமப்பது.
எங்கோ இன்னொரு எழுத்து பிசகி,
பூட்டு விழவில்லை.
பிழையைப் பிழை தாங்கிக்கொண்டிருக்கிறது.
இதை எந்தப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

"நல்லதாங்க, கெட்டதாங்க?"

டாக்டர் சொல்வார் என்றேன்.
பிறகு, கேட்காமலே,
"உள்ளே ஒரு கதவு சாத்தாம இருக்குங்க" என்றேன்.
அவர் சற்று யோசித்தார்.
"அத நீங்க சாத்திருவீங்களா?"

இல்லையென்று தலையசைத்தேன்.
பையன் ஜன்னலில் முகம் பதித்து
மலைச்சாலையைத் தேடிக்கொண்டிருந்தான்.
ரெண்டரை மணி பஸ்ஸுக்கு
இன்னும் இருபது நிமிஷம்.