கடைசி இலக்கம்

கரகாண்டா சரக்கு யார்டு, ஏழாம் தடம்.
மைனஸ் முப்பத்தொன்று.
பேனா மை உறைந்துவிடும், அதனால் பென்சில்.
பெட்டிகளின் எண்களை எழுதிக்கொண்டே போகிறாள் பாகித்குல்.
ஆறில் தொடங்கினால் திறந்த பெட்டி, நிலக்கரி.
எட்டாவது இலக்கம் காவல்காரன்,
மற்றவை சரியா என்று பார்ப்பவன்.
இடையில் இருப்பவை
யாரிடமும் எதுவும் சொல்வதில்லை.

இருபத்திரண்டாவது பெட்டி:
61260841.
எஞ்சின் வர இன்னும் நாற்பது நிமிடம்.
பழைய சரக்குச் சீட்டின் முதுகில் தொடங்கினாள்.

மூன்று நுழையவில்லை. ஏழு நுழையவில்லை.
சில்லறை எண்களால் தட்டிப் பயனில்லை,
இது உள்தாழ்ப்பாள் போட்ட வீடு.
மேலிருந்து இறங்க வேண்டும்.
7827இன் வர்க்கத்திலிருந்து கழித்தால் 1088.
வர்க்கம் இல்லை.
7828: மிச்சம் 16743. ம்ஹூம்.
7829:
மிச்சம் 32400.

நூற்றெண்பதின் வர்க்கம்!
தெர்மாஸ் சரிந்து தேநீர் பனியில் ஓடியதை
அவள் கவனிக்கவில்லை.
கூட்டினால் 8009, கழித்தால் 7649.

இரண்டே பேர்.
அவர்களையும் பிளக்கப் பார்த்தாள்.
7649ஐப் பதினேழு ஒன்றால் தவறவிட்டது.
8009ஐ எண்பத்தொன்பது
ஒன்றேயொன்றால் தவறவிட்டது.
பகா எண்கள். பிடிவாதக்காரர்கள்.
தன்னை விட்டு மற்ற வகுத்திகளைக் கூட்டினால்
பதினைந்தாயிரத்து அறுநூற்று ஐம்பத்தொன்பது,
ஆறு கோடிக்கு முன்னால் கால்தூசு.
குறைவெண் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.
என்ன குறையைக் கண்டார்களோ.
7320, 2771 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதுதான்,
4240, 6579 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதுதான்.
ஆளில்லாத வீட்டுக்கு இரண்டு வாசல்.

வாக்கி டாக்கி கரகரத்தது. ஃப்ரீடா கார்லோவ்னா:
"இருபத்திரண்டு கணினியில் ஏறமாட்டேன் என்கிறது. திரும்பப் பார்."

முதல் ஏழில் ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டித்து
இலக்கங்களைக் கூட்டினாள்.
முப்பது.
பத்துகளில் முழுதாய் முடிந்துவிட்டது,
காவல்காரன் வெறுங்கையோடு நிற்க வேண்டும்.

கையுறையால் தேய்த்தாள்.
கரித்தூள் கலந்த பனி செதில் செதிலாய் உதிர்ந்தது.
ஒன்றின் இடப்பக்கம் மெல்ல வளைந்து
முட்டையாகி மூடிக்கொண்டது.
61260840.

திபுதிபுவென்று கூட்டம்.
இரண்டு மும்முறை, மூன்று மும்முறை, ஓர் ஐந்து,
கடைசியில் மூச்சு வாங்க 131, 433.
நூற்று இருபத்தெட்டு வகுத்திகள்.
தன்னை ஒதுக்கிவிட்டுக் கூட்டினாலும்
பதினான்கு கோடியே நாற்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்.
மிகை எண்.
பந்தியில் இலை போட இடமில்லை.

படிவத்தில் சுழியத்தை எழுதினாள்.
அதுதான் சரி, அதில் சந்தேகம் இல்லை.
சீட்டை மட்டும் நான்காக மடித்துக்
கையுறைக்குள் செருகிக்கொண்டாள்.
7649உம் 8009உம்
இந்த வண்டியைத் தவறவிட்டவர்கள்.
அடுத்ததும் அவர்களுக்கு இல்லை.

எஞ்சின் விளக்கு தெரிந்தது.
இருபத்துமூன்றாவது பெட்டி.
முதலில் கடைசி இலக்கத்தைத் துடைத்தாள்,
அரைமனதாக.