புதன்கிழமை, கோட்டுகளுக்கு நடுவே

பல் போனால் சொல் போச்சு என்பார்கள்.
நான் பல் செய்கிறவள்.
ப்லோவ்டிவ் நகரில், டிராகியா குடியிருப்பில்
மூன்றாம் மாடியில் வீடு,
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை.
பதினாறு வருடமாக
முகம் தெரியாத வாய்கள்
பிளாஸ்டர் அச்சுகளாக என் மேசைக்கு வருகின்றன.
ஒட்டியிருக்கும் சீட்டில் ஓர் எண், ஒரு நிறம்: ஏ-மூன்று.
கொஞ்சம் மஞ்சள், கொஞ்சம் சிகரெட்.

இடது கடைவாயில் மட்டும் தேய்ந்த ஒரு கீழ்த்தாடை
போன நவம்பரில் வந்தது.
எதை மென்றுகொண்டே இருந்தார் இந்த மனிதர்,
ஒரு பக்கமாகவே,
யாரிடமும் சொல்லாமல்?
மெழுகு ஆறும்வரை யோசித்தேன்.
வீட்டுக்கு வந்தும் யோசித்தேன்.
அன்று ராத்திரி அவருக்கு ஒரு படகு கொடுத்தேன்,
பேசாமல் போன ஓர் அக்காவைக் கொடுத்தேன்,
டான்யூபில் ஒரு திருட்டு வேலையும் கொடுத்தேன்.
பெயர் வைப்பதற்குள் விடிந்துவிட்டது.

யாரிடம் சொல்வது?
ஆய்வகத்தில் ரேடியோ ஓடும், துளைக்கருவி ஓடும்.
அதனால் ஒரு மைக் வாங்கினேன்,
தவணையில்,
தங்கை யோர்தான்காவிடம் ஹேர் டிரையர் என்று பொய் சொல்லி.

துணி அலமாரிதான் ஸ்டூடியோ.
குளிர்காலக் கோட்டுகள் எதிரொலியைத் தின்னுமாம்.
தின்றன.
கூடவே அந்துருண்டை தொண்டைக்குள் இறங்கி
முதல் கதை முழுக்க இருமல்.
திரும்பப் போட்டுக் கேட்டேன். இதுவா என் குரல்?
மளிகைக் கடையில் மீதிச் சில்லறைக்கு மல்லுக்கு நிற்கும்
யாரோ ஒருத்தி.
அழித்தேன்.
இரண்டாவதையும் அழித்தேன்.
மூன்றாவதில் 'ஆ...' என்று இழுத்த இடங்கள் முப்பத்தேழு.
ஒவ்வொன்றாக வெட்டினேன்,
பல்லிடுக்கில் மெழுகு சுரண்டுகிற அதே பொறுமையோடு.
வெட்டி முடித்ததும்
மூச்சே விடாமல் பேசினாள் அவள்.
நாலைந்து மூச்சைப் பொறுக்கித் திரும்ப ஒட்டினேன்.

பாட்காஸ்ட்டின் பெயர் 'கீழ்த்தாடை'.
கேட்பவர்கள் பதினொரு பேர்.
அதில் ஒன்று நான், இன்னொன்று என் வேலையிடத்துக் கணினி.
வர்னாவிலிருந்து யாரோ ஒருவர்
எப்போதும் நாலாவது நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்.
நாலாவது நிமிடத்தை எத்தனை தடவைதான் திருத்துவது.

மேல்மாடியில் ராங்கெல்.
தக்காளித் தொழிற்சாலையில் மாலை ஷிஃப்ட்.
பத்தரைக்கு வருவார், வாஷிங் மெஷினைப் போடுவார்.
பனிமூட்டத்தில் என் படகுக்காரன் துடுப்பை நிறுத்திக் காதைத் தீட்டுவான்,
கூரை அதிரும்.
லிஃப்டில் இரண்டு முறை எழுதி ஒட்டினேன்.
ஒரு முறை துடைப்பக் கட்டையால் இடித்தேன்.

பிப்ரவரியில் ஒரு புதன்.
அக்கா கதவைத் திறக்கிற இடம்.
அதற்கு மேல் எனக்கே தெரியவில்லை.
திறக்கிறாள், திறக்கிறாள்,
திறந்துகொண்டே இருக்கிறாள்.
மைக்கை அணைத்தேன்.
கோட்டு ஒன்று நழுவித் தோளில் விழுந்தது.
அலமாரிக்குப் பின்னால் போகும் ஹீட்டர் குழாயில்
டங். டங்.
பிறகு, தகரத்தில் தோய்த்தெடுத்த ஒரு குரல்:
"சரி, திறந்தாள். உள்ளே யார்?"

நான் வாயைத் திறக்கவில்லை.
எத்தனை வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்,
என் இருமலை, முப்பத்தேழு 'ஆ'வை,
நான் அழித்ததையெல்லாம்
வெட்டாமல், முழுசாக.
கோபம் வந்தது.
கோபம்தானா என்று பார்ப்பதற்குள் தூங்கிப்போனேன்.

அடுத்த புதன், பத்தரை.
லிஃப்ட் நின்றது. சாவி. கழற்றிப் போட்ட ஷூ, ஒன்று, இரண்டு.
தண்ணீர் பாயும் என்று காத்திருந்தேன்.
பாயவில்லை.
மேலே ஒரு நாற்காலி நகர்ந்தது,
சுவரோரமாக,
குழாய்ப் பக்கமாக.

அந்துருண்டைகளைப் பொறுக்கி வெளியே வைத்தேன்.
சிவப்பு விளக்கு எரிந்தது.
"உள்ளே..." என்றேன்.
யார் என்று
அப்போதும் எனக்குத் தெரியாது.